ஏ.பி.ஜி. சீட்டில் வராத பாஸ்பேட்: இதய அறுவை ஐ.சி.யூ. பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இதய அறுவைக்குப் பிந்தைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும், அப்பிரிவுகளுக்குப் பரிசோதனை செய்து தரும் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

அறுவை முடிந்து வந்த நோயாளிக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஏ.பி.ஜி. (தமனி இரத்த வாயுப் பரிசோதனை) பார்க்கிறோம். பொட்டாசியம், கால்சியம், சர்க்கரை, லாக்டேட் எல்லாம் அந்தச் சீட்டிலேயே வந்துவிடுகின்றன. பாஸ்பேட் வருவதில்லை. அந்தக் கருவி அதை அளப்பதே இல்லை. ஆய்வகத்துக்குத் தனியாக எழுதி அனுப்பினால்தான் தெரியும். யாரும் எழுதி அனுப்பாத அந்த முதல் ஓரிரு நாட்களில்தான் பாஸ்பேட் வேகமாகச் சரிகிறது. அதை வழக்கப் பரிசோதனையில் சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

சரிவதற்குக் காரணம் நாம் கொடுக்கும் சிகிச்சைகள்தாம். இதய-நுரையீரல் இயந்திரத்தை நிரப்பும் திரவம் இரத்தத்தை நீர்க்க வைக்கிறது. இன்சுலினும் அட்ரினலினும் பாஸ்பேட்டைச் செல்லுக்குள் தள்ளுகின்றன. சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு அதைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. தொடர் டயாலிசிஸ் ஓடினால் இழப்பு இன்னும் அதிகம். வென்டிலேட்டரில் மூச்சு எண்ணிக்கை கூடி கார்பன் டை ஆக்சைடு 28, 30 என்று இறங்கியிருந்தால், இரத்தம் காரமாகி, செல்கள் பாஸ்பேட்டை இன்னும் வேகமாக உள்ளிழுக்கின்றன.

சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அதன் வாழ்வு முழுக்க குளுக்கோஸை உடைப்பதில்தான் இருக்கிறது. அந்த வேதிப்பாதை ஓடப் பாஸ்பேட் வேண்டும். அதே பாதையின் கிளையில்தான் 2,3-டி.பி.ஜி. உருவாகிறது. ஹீமோகுளோபின் தன் ஆக்சிஜனைத் திசுக்களிடம் கைவிடச் செய்வது இந்த மூலக்கூறு என்பது 1967-இல் தெரிந்தது. நரம்புவழி ஊட்டம் மட்டும் பெற்று பாஸ்பேட் குறைந்த நோயாளிகளிடம் 2,3-டி.பி.ஜி. சரிவதும், ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிப்பதும் 1971-லேயே காட்டப்பட்டன.

கணக்காகச் சொன்னால்: பாதி ஹீமோகுளோபின் நிறைந்திருக்கும் ஆக்சிஜன் அழுத்தம், அதாவது பி50, இயல்பில் 27 மி.மீ. திசுவைக் கடந்த சிரை இரத்தத்தில் அழுத்தம் 40 என்றால் செறிவு, அதாவது ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினின் பங்கு, ஏறத்தாழ 75 சதவீதம். பி50 இறங்கி 22 ஆனால், அதே 40-இல் செறிவு 83 சதவீதமாக நிற்கும். டெசிலிட்டருக்கு 10 கிராம் ஹீமோகுளோபின் உள்ள இரத்தம், லிட்டருக்கு 31 மி.லி. ஆக்சிஜன் இறக்கிய இடத்தில் 21 மி.லி.தான் இறக்குகிறது. நல்ல இதயம் வேகமாக இறைத்து இதை ஈடுகட்டும். நேற்று திறந்து தைத்த இதயத்திடம் அதை எதிர்பார்க்க முடியாது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அப்போதும் 99 காட்டும். கோ-ஆக்சிமீட்டர் (செறிவை நேரடியாக அளக்கும் பகுதி) இல்லாத ஏ.பி.ஜி. கருவியோ, ஆக்சிஜன் அழுத்தத்தையும் செறிவையும் இணைக்கும் இயல்பான வளைகோட்டை வைத்தே செறிவைக் கணக்கிட்டுத் தருகிறது. ஆகவே வளைகோடு நகர்ந்திருப்பது அதற்குத் தெரியாது. சேமித்து இரண்டு வாரம் கடந்த இரத்தத்தில் 2,3-டி.பி.ஜி. ஏறக்குறைய இராது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்றிய பின் அது மீள ஒன்றிரண்டு நாளாகும், அதற்கும் பாஸ்பேட் தேவை. பாஸ்பேட் ஏற்றிய உடனே லாக்டேட் இறங்கவில்லை என்று கைவிடவும் கூடாது. காரத்தன்மையும் வளைகோட்டை அதே பக்கம்தான் இழுக்கும் என்பதால், முதலில் வென்டிலேட்டரைச் சரிசெய்யுங்கள். உதரவிதானமும் பாஸ்பேட் குறைந்தால் தளரும். வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்க முடியாமல் திணறும் நோயாளிக்கு இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஐ.சி.யூ.வுக்கு வந்ததும் ஒன்று, மறுநாள் காலை ஒன்று, அதன்பின் இன்சுலினோ டயாலிசிஸோ ஓடும்வரை தினமும் ஒன்று: இதுவே போதும். இரத்தச் சிதைவு (சிவப்பணுக்கள் உடைதல்) உள்ள மாதிரி பொய்யாக அதிகம் காட்டும். அப்படியானால் மறுபடி எடுக்க வேண்டும்.

இயல்பு 2.5 முதல் 4.5 மி.கி./டெ.லி. இரண்டுக்கு மேல் இருந்து, வாய்வழி உணவு தொடங்கியிருந்தால் அவசரம் இல்லை. 1 முதல் 2-க்குள் என்றால் கிலோவுக்கு 0.25 மில்லிமோல்; 1-க்குக் கீழ் என்றால் 0.5 மில்லிமோல். ஒரு மி.லி.க்கு 3 மில்லிமோல் பாஸ்பேட்டும் 4.4 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியமும் உள்ள பொட்டாசியம் பாஸ்பேட் என்றால், 60 கிலோ நோயாளிக்கு முதல் நிலையில் 5 மி.லி.; 100 மி.லி. சலைனில் கலந்து சென்ட்ரல் லைனில் (பெரிய சிரையில் செருகிய குழாயில்) 4 மணி நேரம். இரண்டாம் நிலையில் 10 மி.லி., 6 மணி நேரம். லேபிளைப் படிக்காமல் இந்தக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பாதி அளவு. பொட்டாசியம் ஏற்கெனவே அதிகமென்றால் சோடியம் பாஸ்பேட்.

தவறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நடக்கிறது. அந்த 5 மி.லி.யிலேயே 22 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது. பக்கத்தில் ஓடும் பொட்டாசியம் குளோரைடைக் குறைக்காமல் விட்டால் இதயத் தாளம் கெடும். இன்னொன்று, கால்சியம் குளுக்கோனேட் ஓடும் அதே லைனில் இதைக் கொடுப்பது. இரண்டும் சேர்ந்தால் குழாயிலேயே படிவமாகிவிடும். தனி லூமென் (குழாயினுள் தனி வழி) இல்லாவிட்டால், ஒன்றை நிறுத்தி, சலைனால் கழுவிய பிறகே மற்றதைத் தொடங்க வேண்டும். ஏற்றி முடித்த பின் பாஸ்பேட்டோடு அயனிக் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் பாருங்கள். பாஸ்பேட் ஏறும்போது கால்சியம் இறங்கும், புதிதாகத் தைத்த இதயத்துக்கு அதுவும் ஆகாது.

ஆய்வகப் பொறுப்பாளர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறோம். இரவுப் பணியிலும் பாஸ்பேட் பரிசோதனை நடக்கட்டும். 1-க்குக் கீழ் வந்தால், சீட்டு அச்சாகும் வரை காத்திராமல், பொட்டாசியத்துக்குச் செய்வதுபோலவே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.