உயிர் காலேஜையும் செத்த காலேஜையும் ஒரே நாளில் காட்டாதீர்கள்

சென்னைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வரும் பள்ளி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சுற்றுலாச் சீட்டு வீட்டுக்கு வந்துவிடும். காலையில் எழும்பூர் அருங்காட்சியகம் (பழைய சென்னைக்காரர்களின் செத்த காலேஜ்), மதியம் வண்டலூர் உயிரியல் பூங்கா (உயிர் காலேஜ்), சாயங்காலம் மெரினா, ராத்திரி திரும்ப பஸ். என் மகளும் இப்படித்தான் போய் வந்தாள். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். “திமிங்கில எலும்பு பெருசா இருந்துச்சு. புலி தூங்கிட்டு இருந்துச்சு” என்றாள். அந்த அட்டவணைக்கு அவ்வளவுதான் கிடைக்கும்.

உங்கள் சிரமம் புரிகிறது. பஸ் வாடகை, சாப்பாடு, தலை எண்ணும் கவலை எல்லாம் உங்கள் தலையில்தான். ஆனாலும் கேட்கிறேன்: இதைச் சனி, ஞாயிறு என்று இரண்டு நாளாக்குங்கள். முடியாதென்றால் ஒன்றை விட்டுவிடுங்கள்.

முதல் நாள் வண்டலூர். அதுவும் கதவு திறக்கும் நேரத்துக்கே. உச்சி வெயிலில் எந்தப் புலி எழுந்து நடக்கும்? 602 ஹெக்டேர் பரப்பை முழுக்கச் சுற்றிக் காட்டவும் வேண்டாம். சிங்கவால் குரங்கின் இருப்பிடத்தில் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் அது இல்லை. பழம் கிடைத்ததும் கன்னத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓரமாகப் போய் மெல்லும். யார் முதலில் சாப்பிடுகிறது, யார் யாருக்குப் பேன் பார்க்கிறது என்று பிள்ளைகளே கவனித்துச் சொல்வார்கள். அப்புறம், அந்த விசிலைத் தயவுசெய்து பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கூண்டருகே கத்தாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நாம் ஊதக்கூடாது.

மறுநாள் எழும்பூர். போகிற வழியில் சொல்ல நல்ல கதை ஒன்று இருக்கிறது. 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். உயிருள்ள புலியும் சிறுத்தையும் இருந்தால் கூட்டம் அலைமோதுவதைக் கண்டு, ஆற்காட்டு நவாபிடம் பேசி அவர் வளர்த்த மிருகங்களைக் கேட்டுப் பெற்றார். 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை பிறந்தது. பிறகு அது சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூரில் குடியேறியது. பழைய சென்னைக்காரர்கள் ஒன்றை உயிர் காலேஜ் என்றும் இன்னொன்றைச் செத்த காலேஜ் என்றும் சொன்னதன் பின்னணி இதுதான். முந்தின நாள் பார்த்த குரங்குக்கும் இந்தக் கட்டடத்துக்கும் உறவு உண்டு என்று தெரிந்தால் பிள்ளைகள் உள்ளே நுழையும் முகமே வேறாக இருக்கும்.

உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட கூடங்கள். எல்லாவற்றிலும் வரிசையாக நடத்திக் கூட்டிப்போவது நடைப்பயிற்சி. ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு நேரே செப்புத் திருமேனிகள் கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, எத்தனை கை என்று கேளுங்கள். நாலு என்று யோசிக்காமல் சொல்வார்கள். எண்ணினால் மூன்று: சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. இடுப்பு ஒரு பக்கம் ஒடிகிறது, ஆடை ஒரு காலில் குட்டை, மறு காலில் நீளம். இரண்டு உடம்பு ஒன்றாக நிற்கிறது. தையல் எங்கே என்று தேடினால் அகப்படாது. அடுத்து திருவாலங்காட்டு நடராசர். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகம் ஊற்றி, கடைசியில் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். அதனால் அதே அச்சில் இன்னொன்று வராது. இதைச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பென்சிலும் தாளும் கொடுத்துப் பேசாமல் விட்டுவிடுங்கள். படம் நன்றாக வர வேண்டும் என்று அவசியமில்லை. மதிப்பெண் மட்டும் போடாதீர்கள்.

தேதி குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை. பெரிய பிள்ளைகள் என்றால் ஊருக்குள் பஸ்ஸே வேண்டாம். எழும்பூரிலிருந்து வண்டலூருக்கு மின்சார ரயில் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு மாணவியின் அப்பா