சமுதாயக் கல்லூரிச் சேர்க்கையில் சான்றிதழ் நிபந்தனைகளைத் தளர்த்த வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமுதாயக் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கைக்குக் கேட்கப்படும் சான்றிதழ்களும் அவற்றுக்குத் தரப்படும் கெடுவும் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை இளைஞர்களுக்குப் பெருந்தடையாக இருப்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக உயர்கல்வித் துறை, வருவாய்த் துறை அலுவலர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான நான், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் ஊர்களில் இடையில் படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன்.

1995இல் புதுச்சேரியிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கப்பட்டபோது, வழக்கமான கல்லூரிக்குள் நுழைய முடியாதவர்களுக்கு வேலைக்கு உதவும் படிப்பைத் தருவதே நோக்கமாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு பின்னாளில் கொண்டுவந்த திட்டத்திலும் பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. இந்த ஏற்பாட்டின் தாயகமான அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலச் சட்டம் இன்னும் தாராளமானது. உயர்நிலைப் பள்ளிச் சான்றே இல்லாவிட்டாலும், 18 வயது நிறைந்து, படிப்பால் பயன்பெறக்கூடியவர் என்று கருதப்படும் ஒருவரைக் கல்லூரி சேர்த்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கு நாம் போக வேண்டும் என்பது என் கோரிக்கை அன்று. நம் விதிகள் ஏற்கெனவே அனுமதிப்பவரைக் காகிதத்தின் பெயரால் திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும்.

பிளஸ் டூ முடித்தபின் மூன்று, நான்கு ஆண்டுகள் படகில் வேலை பார்த்த ஓர் இளைஞர் சேர்க்கைக்குச் சென்றால், மதிப்பெண் பட்டியலோடு மாற்றுச் சான்றிதழ், நடத்தைச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய அனைத்தையும் கேட்கிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன செய்தார் என்பதற்கு ஓர் எழுத்துமூலச் சான்றும் கேட்பதுண்டு. கடலுக்குப் போனேன் என்பதற்கு யாரிடம் சான்று வாங்குவது என்று அவர் கேட்டால் அலுவலகத்தில் பதில் இல்லை. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு நிற்கும் பெயர் ஆதாரில் தந்தை பெயருடன் நீண்டிருக்கும். கிறித்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் பள்ளிப் பெயர் ஒன்றுமாக இருப்பதும் உண்டு. இவற்றைச் சரிசெய்யும் வரை விண்ணப்பம் நகர்வதில்லை.

வருவாய்த் துறைச் சான்றுகளை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்க முடிகிறது என்பது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். பேரிடரில் கல்விச் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கென ஒரு சான்றும் அந்தச் சேவைகளில் உள்ளது. புயலும் வெள்ளமும் பழகிய இந்தக் கரையில் அதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் விண்ணப்பித்த பின் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை நடந்து சான்று கைக்கு வருவதற்குள் சேர்க்கைக்கான கடைசி நாள் கடந்துவிடுகிறது. எல்லை தாண்டியதாகக் கைது செய்யப்பட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவரின் மகனுக்குத் தந்தையின் வருமானத்தை விசாரித்துச் சான்று தருவது எப்படி என்பதில் கீழ்நிலை அலுவலர்களுக்கே தெளிவில்லை. குடும்பத்தைத் தாங்க அந்தப் பையன் படிப்பை விட்டதே தந்தை சிறைப்பட்டதால்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாள்காட்டியும் இங்கே ஒத்துவரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளருக்குப் படகு வருமானம் இல்லை. பிளஸ் டூ முடிவும் கல்லூரி விண்ணப்பங்களும் அந்த நாள்களிலேயே வருகின்றன. தடை நீங்கிக் கையில் காசு புரளும்போது சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வருகிறது; அப்போது ஆள் கடலில் இருக்கிறார். ஆகவே தடைக்காலத்திலேயே, இளைஞர்கள் ஊரில் இருக்கும்போதே, இராமேசுவரம், மண்டபம், ஏர்வாடி, தொண்டி போன்ற இடங்களில் வருவாய்த் துறை சிறப்பு முகாம் நடத்திச் சான்றுகளை அங்கேயே வழங்கலாம். கல்லூரிக் கட்டணத்தை ஜூலை இறுதி வரை இரண்டு தவணையாகப் பெற்றுக்கொள்ளலாம்.

இவற்றைவிட முக்கியமானது தற்காலிகச் சேர்க்கை. தேர்ச்சிக்கான மதிப்பெண் பட்டியலையும் அடையாள அட்டையையும் பார்த்து மாணவரைச் சேர்த்துக்கொண்டு, மற்றவற்றை முதல் பருவம் முடிவதற்குள் ஒப்படைப்பதாக உறுதிமொழிக் கடிதம் பெறுவதில் கல்லூரிக்கு நட்டம் ஏதும் இல்லை. சாதி, வருமானச் சான்றுகள் உதவித்தொகைக்கும் ஒதுக்கீட்டுக்கும் தேவைப்படுபவை. வகுப்பில் உட்கார அவை தேவையில்லை. இந்த வேறுபாட்டைச் சேர்க்கைக் குறிப்பேட்டில் அச்சிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

மூலச் சான்றிதழ்களைக் கல்லூரியே வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். சரிபார்த்தவுடன் அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. கீழக்கரை, பெரியபட்டினம் பகுதிகளிலிருந்து வளைகுடா வேலைக்கு முயலும் இளைஞர்கள், சான்றிதழ் முடங்கிவிடுமே என்ற அச்சத்தினாலேயே சேரத் தயங்குகிறார்கள். அந்த அறிவிப்பு சமுதாயக் கல்லூரிகளிலும் பின்பற்றப்படும் என்று மாவட்ட நிர்வாகம் அடுத்த சேர்க்கைக்கு முன்பே எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.