பாலஃபோனை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே

மகன் பாபாவுக்கு,

இங்கே மாலியில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அது புதிதில்லை. மழை ஓய்ந்துவிட்டது, பருத்தி வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பலாம் என்றுதான் போனை எடுத்தேன். ஆனால் இந்த வீட்டில் நான் வாயைத் திறந்தால் உன் சித்தி, அவள் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக் கோனே எல்லோரும் வந்து சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள், நான் சொல்ல வந்ததை அவர்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதனால் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுகிறேன். நிதானமாகப் படி.

அங்கே பாரிஸில் ஹீட்டர் போடும் மாதம் வந்திருக்கும். நீ தட்டி வாசிக்கும் மரக்கட்டை வாத்தியத்தை, அந்தப் பாலஃபோனை, ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே. அந்தச் சூடு நம் ஊர் வெயில் மாதிரி இல்லையாம், காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடுமாம். முதலில் கயிறு தளரும், அப்புறம் கட்டை காய்ந்து சுருதி ஏறும், கடைசியில் சுரைக்குடுக்கை விரியும். குடுக்கை விரிந்தால் தைத்துக்கொள்ளலாம், கட்டை வெடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. சுருதி ஏறியிருந்தால் அவசரப்பட்டு உளி எடுக்காதே. நடுவில் அடியில் செதுக்கினால் இறங்கும், ஓரத்தில் செதுக்கினால் ஏறும், உனக்குத் தெரியாததா. ஆனால் செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. குடுக்கை ஓட்டையில் ஒட்டச் சிலந்திக் கூட்டுச் சவ்வு அங்கே கிடைக்காது என்றால் சிகரெட் பேப்பர் போதும். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம்.

போன தடவை வீடியோவில் பேசினாயே, உனக்குப் பின்னால் ஒரு மெத்தை தெரிந்தது, சுவரில் சாய்த்த சைக்கிள், அதன் ஹேண்டிலில் மாட்டிய பெரிய சதுரப் பை. பாலஃபோன் தெரியவில்லை. போன் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்திருக்கும். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். சரி, அதைக் கேட்பதற்காக எழுதவில்லை.

நீ அனுப்பிய பணம் வந்தது. அதில் சிமெண்ட் வாங்கி வராந்தாவைப் பூசியிருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு மாதமும் அனுப்பணும் என்று யாரும் இங்கே கணக்குப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை.

உன் தராசுப் பாட்டை இந்த வருஷமும் களை கொத்தும்போது பாடினார்கள். நம் பையன்கள் பாலஃபோனைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க, பின்னால் மண்வெட்டி வரிசை. பருத்தி நிறுக்கிறவன் விரல் தராசைத் தொடும் இடம் வரும்போது எல்லோரும் கையை நிறுத்தி ஒரே சத்தமாகச் சிரிக்கிறார்கள். எழுதினது யார் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய பாட்டு என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பெருமையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. தலைநகர் பமாக்கோவில் காப்பிரைட் அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் போ என்று எத்தனை முறை சொன்னேன்? நாளைக்கு நாளைக்கு என்றாய். அப்புறம் விசா வந்தது, டூர் என்றாய், போனாய். டூர் முடிந்து மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். நீ வரவில்லை.

தப்பு என்று சொல்லவில்லை. 2012ல் இங்கே நடந்ததை நானும் பார்த்தேன். பமாக்கோவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, வடக்கே துப்பாக்கி பிடித்தவர்கள் ரேடியோவில் பாட்டே கூடாது என்றார்கள். அதே வருஷம் யுனெஸ்கோ மாலி, புர்கினா ஃபாசோ, கோட் டிவார் மூன்று நாட்டுச் செனுஃபோ மக்களின் பாலஃபோனையும் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் எழுதிக்கொண்டது. பட்டியலில் ஏறியது, கல்யாணக் கச்சேரிகள் நின்றன. நீ கிளம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் இந்தத் தொழிலில் மேலே போனவர்களைப் பார். நெபாதூகுவில் பிறந்த நெபா சோலோ நம் பாலஃபோனுக்குக் கனமான பாஸ் கட்டைகளைச் சேர்த்தார், தடுப்பூசிக்குப் பாட்டுக் கட்டினார், 2002ல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பை நம் நாட்டில் நடந்தபோது அதற்கும் கட்டினார். பாலஃபோனில் அரைச் சுருதி கிடையாதே, கிடாரோடு எப்படிச் சேரும் என்ற கேள்விக்குக் கெலெடிகி ஜபாத்தே அரைச் சுருதி தள்ளி இன்னொரு பாலஃபோனைப் பக்கத்தில் வைத்து இரண்டிலும் வாசித்தே பதில் சொன்னார். வயதான காலத்திலும் பாடகர் ஹபிப் கொய்தேயின் குழுவோடு உலகம் சுற்றினார். புர்கினாவிலிருந்து போன மமடூ ஜபாத்தே வியன்னாவில் குடியிருந்துகொண்டே வாசிக்கிறார். அங்கே மட்டும் குளிர் இல்லையா? இவர்களோடு உன்னை ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை. ஹோட்டலில் சுற்றுலாக்காரர்கள் சாப்பிடும்போது வாசித்துக்கொண்டிருந்த நாளில்கூட நீ ராத்திரி அறைக்கு வந்து புதிதாக ஒரு அடி எழுதி எனக்குப் போனில் பாடிக் காட்டுவாய். இப்போது பணம் அனுப்பினேன், வந்ததா, அவ்வளவுதான் பேச்சு.

என் தாத்தன் பெயரை உனக்கு வைத்துவிட்டுத் திட்டவும் முடியாமல் கிடக்கிறேன். என் அப்பன் கேட்டிருந்தால் என்னைத்தான் அடித்திருப்பார்.

பாலஃபோன் கட்டைக்கு வேண்டிய வேங்கை மரம் இப்போது லேசில் கிடைப்பதில்லை. லாரி லாரியாக வெட்டி சீனாவுக்கு ஏற்றிவிட்டார்கள். 2017லிருந்து அந்த மரம் எல்லை தாண்டக் காகிதம் வேண்டும் என்கிறார்கள், மரத்துக்கே காகிதம். உன்னைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. யாராவது கேட்டால் நல்லபடி பேசு, நம் ஊரைச் சேர்ந்த பெரியவர் யாரையாவது கூட வைத்துக்கொள்.

எப்படியோ ஒரு காய்ந்த மரம் கிடைத்தது, நின்றபடியே பட்டது. பிளந்து அடுப்படிப் புகையில் ஏற்றியிருக்கிறேன். அம்மா தினமும் திட்டுகிறாள். குடுக்கைக்குச் சுரை கொல்லையில் முற்றிக் கிடக்கிறது. உன் மச்சான் வருஷம் பிறந்ததும் பாரிஸ் வருகிறான், பாலஃபோனின் மரச் சட்டத்தை இரண்டாகக் கழற்றிக் கட்டினால் கொண்டுவருவேன் என்கிறான். இருப்பது இருக்கட்டும், இது இன்னொன்று. கெலெடிகி இரண்டு வைத்துக்கொள்ளவில்லையா? வந்ததும் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே.

21 கட்டை வைத்தால் உன் அறையில் சைக்கிளையும் மெத்தையையும் தாண்டி இடம் இருக்குமா என்று தெரியவில்லை. வேறொன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அந்தச் சுவரின் நீளத்தை அளந்து அனுப்பு, 17 போதும் என்றால் 17 வைக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது, சட்டத்துக்குக் கட்டை அறுக்கணும்.

அப்பா