கடைக்கு 85 நிமிடம், கோயிலுக்கு 35: நைல் கப்பல் பயணம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்ற ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம், நீங்கள் கூட்டிப்போன எகிப்துப் பயணத்தில் நானும் அப்பாவும் வந்திருந்தோம். லக்சரில் ஏறி அஸ்வானில் இறங்கும் நான்கு இரவுக் கப்பல் பயணம். ஊர் திரும்பியதும் உங்களுக்கு இரண்டு மின்னஞ்சல் எழுதினேன். முதலாவதற்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்கு, அடுத்த பயணத்தில் 5,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு கூப்பன் வந்தது. நான் பணம் கேட்டு எழுதவில்லை. என் கடிதத்தைப் படித்த யாரும் அந்தக் கூப்பனை அனுப்பியிருக்க மாட்டார்கள். அதனால்தான் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று. உங்கள் பெயரை இங்கே போடவில்லை. இதே தடத்தில் ஆள் கூட்டிப்போகிற மற்றவர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். கடைகளுக்குக் கொடுக்கிற நேரத்தைக் கோயில்களுக்குக் கொடுங்கள்.

அப்பா 33 வருடம் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். எகிப்துப் பாடம் வரும்போது கரும்பலகையில் நைல் நதியைக் கீழிருந்து மேலாக வரைவார். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, அதனால்தான் மேல் எகிப்து என்பது படத்தில் கீழே இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்தையே தொடங்குவார். அவரிடம் படித்தவர்களில் நானும் ஒருத்தி. ஹட்செப்சுட் அரசி புந்த் நாட்டுக்குக் கப்பல் அனுப்பிய கதையை அவர் சொல்லிக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. சாம்பிராணி வகை மரங்களை வேரோடும் மண்ணோடும் கூடையில் வைத்து, கழியில் மாட்டி, ஆட்கள் தோளில் சுமந்து கப்பலேற்றுவார்கள். கடலுக்கடியில் மீன்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். புந்த் மக்களின் வீடுகள் கால்களின் மேல் நிற்கும், ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். கிட்டத்தட்ட 3,500 வருடத்துக்கு முந்தைய ஒரு கடல் பயணத்தை அப்படியே சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பார். அந்தச் சுவர் லக்சரின் மேற்குக் கரையிலுள்ள தெய்ர் எல் பஹரியில், அரசியின் கோயிலின் நடுத்தளத்தில், இடது கைப் பக்கத் தூண் வரிசைக்குப் பின்னால் இருக்கிறது. எகிப்துக்குப் போவோமா என்று நான் கேட்டபோது அவர் பிரமிடைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தச் சுவரைப் பாக்கலாமா?" என்றுதான் கேட்டார்.

அப்பாவுக்கு எங்கே போனாலும் நேரம் குறித்து வைக்கிற பழக்கம் உண்டு. சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி எப்போதும் இருக்கும். லக்சரின் மேற்குக் கரைக்குப் போன அன்றைய பக்கத்தை அப்படியே தருகிறேன்.

"அரசர் பள்ளத்தாக்கு 7.10 – 8.20. ஹட்செப்சுட் 8.40 – 9.15. கல் கடை 9.30 – 10.55. மெம்னான் சிலைகள் 11.05 – 11.15."

அரசர் பள்ளத்தாக்கில் எங்களுக்கு வாங்கியிருந்த சீட்டுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். இரண்டுதான் முடிந்தது. நான்காம் ராம்சேஸின் கல்லறையில் படி குறைவு என்பதால் அப்பாவால் உள்ளறை வரை நடக்க முடிந்தது. விதானத்தில் வானமே உடம்பாக வளைந்து நிற்கும் நூத் தேவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் ஈன்றெடுப்பவள் அவள். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றார். கிடைக்கவில்லை. சரி, கூட்டம் அதிகம், வெளியே வரிசை நிற்கிறது, அதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஏற்றுக்கொள்ள முடியாதது அடுத்த 35 நிமிடம். வாசலிலிருந்து மின்வண்டிக்கு வரிசையில் நின்று, ஏறி, இறங்கி, கோயில் முற்றத்தில் ஓரிடத்தில் நின்று வழிகாட்டி சொன்னதைக் கேட்டு முடித்தபோது பாதி நேரம் போயிருந்தது. முழங்கால் அறுவை செய்துகொண்டவர் அப்பா. சாய்தளத்தில் நாலு இடத்தில் நின்று நின்றுதான் ஏறினார். நடுத்தளத்தில் கால் வைத்து, இடது பக்கம் திரும்பி, தூண் வரிசை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கீழேயிருந்து உங்கள் மேலாளர் கொடியை ஆட்டினார். நான் இறங்கி ஓடிப்போய் ஐந்து நிமிடம் கேட்டேன். "மேடம், பஸ் கிளம்பணும், ஷெட்யூல் டைட்டா இருக்கு" என்றார். திரும்பிப் பார்த்தால் அப்பா அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தார். "பரவால்லம்மா, நாப்பது பேரு காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். வாழ்க்கையில் ஒரு தடவையும் வகுப்புக்குத் தாமதமாகப் போகாத மனிதர். தன்னால் அடுத்தவருக்குத் தாமதம் ஆகிறது என்று சொன்னால் அவர் இறங்கிவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

அப்படி அவசரமாக நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் ஒரு அலபாஸ்டர் கல் கடை. வாசலில் மூன்று பேர் சம்மணமிட்டுக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் நின்றதும் பாடத் தொடங்கினார்கள். உள்ளே கூட்டிப்போய் விளக்கை அணைத்து, ஜாடிக்குள் பல்பை வைத்துக் காட்டினார்கள். எல்லாருக்கும் செம்பருத்தித் தேநீர் கொடுத்தார்கள். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல், வாங்கினவர்களும் வாங்காதவர்களும் அங்கேயே இருந்தோம். பஸ் கதவு பூட்டியிருந்தது. அப்பா வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் அந்த மலைச்சுவர் தெரிகிறது. கோயில் அதன் அடியில்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இங்கிருந்து எவ்ளோ தூரம் இருக்கும்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

35 நிமிடம் கோயிலுக்கு, 85 நிமிடம் கடைக்கு. இதைத்தான் நீங்கள் எனக்கு விளக்க வேண்டும்.

தொலைபேசியில் பேசிய உங்கள் அலுவலர், எஸ்னாவில் கப்பலை உயர்த்திவிடும் நீர்ப்பூட்டில் வரிசை அதிகம், அதனால் நேரம் நெருக்கடி என்றார். எஸ்னாவை நாங்கள் கடந்தது அன்றிரவு. கப்பலே மதியம் ஒன்றரைக்குத்தான் லக்சரை விட்டது. மறுநாள் எட்ஃபுவிலும் இதே கதை. அதிகாலையில் எழுப்பி, விலா எலும்பு தெரிகிற குதிரைகள் பூட்டிய வண்டிகளில் ஏற்றி, ஹோரஸ் கோயிலுக்கு 50 நிமிடம் கொடுத்தீர்கள். கி.மு. 237-இல் தொடங்கி கி.மு. 57-இல் முடித்த கோயில் அது. 180 வருடம் கட்டியிருக்கிறார்கள். கோம் ஓம்போ போய்ச் சேர வேண்டும் என்று சொல்லித் திரும்ப ஏற்றினீர்கள். மதியம் ஒரு மணிக்கே கோம் ஓம்போவில் கப்பல் நின்றுவிட்டது. கோயிலுக்கு எங்களை இறக்கியது மாலை ஐந்துக்கு. நடுவில் நான்கு மணி நேரம் மேல்தளத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். ஆக, நேரம் இருந்தது.

வழிகாட்டியை நான் குறை சொல்லவில்லை. லக்சர்க்காரர், படித்தவர். அப்பா கேட்ட கேள்விகளுக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்பட்டவர். கடையில் விற்கிற பொருளுக்குக் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். பயணக் கட்டணத்தைக் குறைவாகக் காட்டிவிட்டு, மிச்சத்தைக் கல் கடையிலும் பாப்பிரஸ் கடையிலும் அத்தர் கடையிலும் பிடித்துக்கொள்ளும்படி அங்கிருப்பவர்களை விட்டுவிடுவது யார்? கட்டணத்தைக் கூட்டிச் சொல்லுங்கள், கொடுக்கிறோம். எங்கள் நேரத்தை எங்களுக்குத் தெரியாமல் விற்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் விளம்பரத்தில் "ஜன்னலைத் திறந்தால் நைல்" என்று இருந்தது. லக்சரில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் திரையை விலக்கியபோது ஒரு முழ தூரத்தில் அடுத்த கப்பலின் ஜன்னல், அதில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். டீசல் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம். கரையேற மூன்று கப்பல்களின் வரவேற்பறைகளைக் கடக்க வேண்டியிருந்தது. தமிழர் குழு என்பதால் மூன்று வேளையும் சாம்பார் உண்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள், அதையும் கொடுத்தீர்கள். அந்த ஊர் மக்கள் தினமும் சாப்பிடுகிற அவரைப் பயறு மசியலும் கோஷரியும் சுத்த சைவம்தான், ஒரு நாளாவது அதைப் பரிமாறியிருக்கலாம்.

தமிழர் குழு என்று இவ்வளவு சொல்கிறீர்களே, அந்த மண்ணில் தமிழுக்கு என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை யாராவது சொன்னீர்களா? லக்சருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் கிஃப்ட் இருக்கிறது. அந்தக் காலத்துக் கோப்டோஸ். சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து போன மிளகு செங்கடல் துறைமுகத்தில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, கோப்டோஸில் நைல் படகேறி அலெக்சாந்திரியா போயிருக்கிறது. அந்த வணிக ஒப்பந்தத்தின் பாப்பிரஸ் ஏடு இன்றும் வியன்னாவில் இருக்கிறது. செங்கடற்கரையில் குசேர் அல் காதிமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் "பானை ஒறி" என்று படித்தார். நம் பாட்டிமார் அடுக்களையில் தயிர்ப்பானை தொங்கிய அதே உறி. இரண்டாம் ராம்சேஸின் பதப்படுத்திய உடலில் மூக்குத் துவாரத்தில் மிளகு இருந்தது. பஸ்ஸில் இதையெல்லாம் சொல்லட்டுமா என்று அப்பா கேட்டார். அந்த நேரத்தில் உங்கள் மேலாளர் மைக்கைப் பிடித்து, அடுத்த கடையில் டாலரில் கொடுத்தால் என்ன தள்ளுபடி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு கோயிலிலும் கல்லறையிலும் எத்தனை நிமிடம் என்று பணம் வாங்குமுன்பே எழுத்தில் கொடுங்கள். போகும் கடைகளின் நேரத்தையும் அதே தாளில் போடுங்கள். கடை வேண்டாம் என்பவர்கள் கோயிலிலேயே இருக்கும்படி இன்னொரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு ஆகும் பணத்தை நாங்கள் தருகிறோம். வயதானவர்களுக்கு ஏற நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கூட்டிப்போகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், சம்பாதித்த காலத்தில் போக முடியாமல் இப்போது போகிறவர்கள். கடைகளுக்குக் கொடுக்கிற நேரத்தைத் தயவுசெய்து கோயில்களுக்குக் கொடுங்கள்.

கூப்பனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடுத்த குளிர்காலத்தில் மறுபடி போகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். நிமிடக் கணக்கைத் தாளில் எழுதித் தருகிற நிறுவனம் எதுவோ அதோடு போவோம், அது உங்களுடையதாக இருந்தாலும் சம்மதமே. பதில் எழுதுவதானால் தபாலில் எழுதுங்கள். முகவரி உங்களிடம் இருக்கிறது. அப்பா மின்னஞ்சல் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஜனவரிக் குழுவில் வந்த ஒரு பயணி
திருச்சிராப்பள்ளி