வைக்கோலுக்கு அடியில் ஒரு கடிதம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம்.

எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பிய பெட்டியில் மேலே இருப்பது மல்கோவா, அடியில் இமாம்பசந்து. மல்கோவா இன்னும் இரண்டு நாள் பொறுத்துத்தான் கனியும். அவசரப்பட்டு அறுத்துவிட்டு, புளிக்கிறது என்று அம்மாவிடம் சொல்லாதே. தட்டுவடை தனிப் பொட்டலம். இந்தக் கடிதத்தை வைக்கோலுக்கு அடியில் வைத்தது அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் குட்டியின் பெயரை எடுத்த உடனே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முதலில் வருவது அவன் முகம்தான். இப்போது நான்கு ஞாயிறாக உன் முகம் மட்டும் வருகிறது. தூங்குகிறான் என்கிறாய். பின்னால் அவன் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது தம்பி. 34 வருடம் பஸ்ஸில் டிக்கெட் போட்டவன் நான். சில்லறையைக் கைக்குள் வைத்துக்கொண்டு இல்லை என்பவனின் முகம் எனக்குத் தெரியும்.

பெங்களூரு நான்கைந்து மணி நேரப் பயணம். குட்டி பிறந்து மூன்று தடவைதான் வந்தீர்கள். வேலை இருக்கும், தெரியும். அக்கம்பக்கத்தில் என் மகன் அந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்று இன்றும் நான்தான் முதலில் பேச்சை எடுக்கிறேன்.

பொங்கலன்று அடுப்படியில் அண்டா மூடி விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வீடே திரும்பிப் பார்த்தது. திரும்பாதவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி நம் முகங்களைப் பார்த்துவிட்டு அப்புறம் திரும்பினாள். இன்னொருவன் கார் பொம்மையின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அன்று இரவு உன் தங்கை என்னைத் திண்ணைக்கு இழுத்துப் போய், குட்டியின் உயரத்துக்குக் கையைக் காட்டி, தன் காதைத் தொட்டு, என் முகத்தையே பார்த்தாள். நான் 'போ, போ, படு' என்று கை காட்டிவிட்டேன்.

ஒருமுறை காதைப் பார்த்துவிடு. இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பிரஷர் மாத்திரை வாங்கப் போவதாக உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, நம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே சிறு குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு மையம் இருக்கிறது. இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, காது, கண், பல், சிறப்புக் கல்வி என்று எல்லாம் ஓரிடத்தில். 2013இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டத்தில் மாவட்டம்தோறும் இப்படி மையம் வைக்கச் சொன்னார்கள். அங்கிருந்த அம்மா நிதானமாகப் பேசினார். பேரனுக்கு என்ன வயது? மார்கழியில் பிறந்தான், ஒன்றரை ஆகிறது என்றேன். 35 வாரத்திலேயே பிறந்தவன் என்றதும், அந்த ஐந்து வாரத்தைக் கழித்துத்தான் வயதைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குச் சற்று மூச்சு வந்தது. கழித்தாலும் பதினேழு மாதம் ஆகிறதே ஐயா என்றார்.

அப்புறம் கேட்ட கேள்விகள்தான் என்னை உட்கார வைத்துவிட்டன. வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? நாய் போனால் அதைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? பெயரைச் சொன்னால் திரும்புகிறானா? அர்த்தத்தோடு எத்தனை சொல் சொல்கிறான்? பிறந்தவுடன் காது சோதனை செய்தார்களா, மஞ்சள் காமாலைக்கு எத்தனை நாள் விளக்கில் வைத்தார்கள்? ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. தாத்தா என்று பெயர், அவ்வளவுதான். எட்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. அப்படி இருந்த குழந்தைக்குப் பிறந்தபோது காது சரி என்று சொல்லியிருந்தாலும் மறுபடி பார்ப்பது நல்லது என்றார். தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்க்கிற சோதனை, வலிக்காதாம். குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் காதைப் பார்த்து, மூன்று மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்று முடிவு கட்டி, ஆறு மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் முறையாம். 1, 3, 6 என்று விரலை மடக்கிக் காட்டினார். காது நன்றாக இருந்தாலும் அத்தோடு விட்டுவிடக் கூடாது, பேச்சையும் விளையாட்டையும் பார்க்கிறவர்களிடம் காட்ட வேண்டும் என்றார். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து மைசூர் பக்கம்தான். அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. காதுக்குமேல் வேறு எதற்கும் நான் பெயர் வைக்க மாட்டேன். அது டாக்டர் வேலை.

பயிற்சி என்றால் ஏதோ கரண்ட் வைப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. ஏற்காடு வண்டியில் நான் இருந்த கடைசி வருடங்களில், நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வாரம் தவறாமல் கைக்குழந்தையோடு இறங்கி வருவாள். எட்டு மாதம் ஆகியும் கழுத்து நிற்காத பிள்ளை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் அதன் தலையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வருவாள். ஆஸ்பத்திரியில் அரை மணியோ முக்கால் மணியோதான். மீதி வேலை அவளுடையது. துண்டைச் சுருட்டி மார்புக்கு அடியில் வைத்துக் குப்புறப் போட வேண்டும், பார்வை மட்டத்தில் கிண்ணத்தைக் காட்டித் தலையைத் தூக்க வைக்க வேண்டும், சுவர் மூலையில் சாய்த்து உட்காரப் பழக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை. அவள் எஸ்டேட் கூலிக்காரி, அதற்கு நடுவில் இதெல்லாம். நான் ஓய்வு பெற்ற 2018இல் அந்தப் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே பஸ் படி ஏறியது. விசில் கொடுக்க மறந்து நின்றேன். டிரைவர் திட்டினார்.

பேச்சுக்கும் அதே கதைதான் என்று அந்த மையத்தில் சொன்னார்கள். அவனுக்கு நேரே, அவன் கண் மட்டத்தில் உட்கார வேண்டும். குறைவாகப் பேச வேண்டும். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை சும்மா இருக்க வேண்டும். கேட்கும் முன்னே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. மாம்பழத்தையும் தட்டுவடையையும் இரண்டு கையில் காட்டி எது வேண்டும் என்று காத்திருக்க வேண்டும். சாப்பிடும்போது செல்போனைக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுவரை அது வேண்டாம் என்றார்கள். உன் அம்மா தேனில் வசம்பு குழைத்து நாக்கில் தடவச் சொல்லி மருமகளிடம் பேசியிருக்கிறாள். கேட்காதீர்கள். கோட்டை மாரியம்மனுக்கு வெள்ளியில் நாக்கு செய்து போடுவதாகவும் நேர்ந்திருக்கிறாள். அதைச் செய்துகொள்ளட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை. வேலைக்குப் போகிற தாய் என்பதால்தான் பிள்ளை பேசவில்லை என்று சித்தப்பா வீட்டில் யாரோ சொன்னார்களாம். மருமகளிடம் சொல், அந்தப் பேச்சு என் வாசலைத் தாண்டி வராது.

நீ அவளிடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்றும் தெரியும். 'நானே மூன்று வயதில்தான் பேசினேன், அப்பாவைக் கேட்டுப் பார்' என்று. அவள் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

அது பொய் தம்பி.

நீ பத்து மாதத்தில் பேச ஆரம்பித்தாய். ஒரு வயது முடிவதற்குள் என் தோல்பையை இழுத்து மாட்டிக்கொண்டு 'டிக்கி, டிக்கி' என்று வீடெல்லாம் டிக்கெட் கொடுத்தாய். உன் தங்கைக்கு இரண்டு வயது நடக்கும்போது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று உன் அம்மா தினமும் அழுதாள். நான் ஒருநாள் என் அம்மாவையும் வைத்துக்கொண்டு, 'ஏன், பெரியவனும் மூன்று வயதில்தானே வாய் திறந்தான்' என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமியார் முன்னால் மறுத்துப் பேசவில்லை. அப்புறம் அதையே உறவில் எல்லோரிடமும் சொன்னேன். உன் கல்யாணப் பந்தலில்கூடச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்ததுபோல ஆகிவிட்டது.

எனக்குத் தெரியாமல் இல்லை. வேலை முடிந்து வந்து வாசலில் விசில் ஊதுவேன். நீ ஓடி வருவாய். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பாள். நான் கதவை ஓங்கி அடிப்பேன், தரை அதிர்வதில் திரும்புவாள். பார்த்தாயா, காது கேட்கிறது என்று உன் அம்மாவிடம் சொல்வேன். இப்படி மூன்று வருடம் கதவை அடித்தேன். அம்மாப்பேட்டையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். சட்டைப் பையில் குடும்ப பாஸ் வேறு. 1998இல் அவளுக்கு ஐந்து வயதில் போனபோது, இரண்டு வயதில் வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டதற்கு உன் அம்மா பதில் சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நெஞ்சில் பெட்டி தொங்கும் மெஷின் கொடுத்தார்கள். அவள் அதைக் கழற்றிக் கழற்றி எறிந்தது உனக்கே ஞாபகம் இருக்கும்.

பெட்டியின் ஓரத்தில் சிவப்புக் காகிதத்தில் ஒரு ஜோடி தண்டை இருக்கும். உன் தங்கை பட்டறையிலிருந்து வெள்ளி வாங்கி வந்து அவளே குட்டிக்குச் செய்தது. உள்ளே முத்து போட்டு, உள்ளங்கையில் வைத்துக் குலுக்கி, அதிர்வு போதாது என்று இரண்டு தடவை பிரித்து மறுபடி கட்டினாள். காலில் போட்டுவிடு. அவன் குனிந்து பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதை வைத்து நீ எந்த முடிவுக்கும் வராதே. நான் வீட்டிலேயே சோதனை செய்து பார்த்தவன்.

வரும் வியாழக்கிழமை காலை வண்டிக்கு நானும் உன் தங்கையும் ஏறுகிறோம். வேண்டாம் என்று போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைக்கு ஏதாவது ஓர் இடத்தில் காது பார்க்க நேரம் வாங்கி வை. மைசூர் என்றாலும் சரி, நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். பிறந்தபோது கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வை, அந்த மஞ்சள் காமாலைக் கணக்கு உட்பட. மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் கொடு, நான் ஆமாம் என்று சொன்னதை அவளும் நம்பியிருப்பாள்.

இமாம்பசந்தை முதலில் சாப்பிடுங்கள், தாங்காது.

அப்பா