ஈசூன் கார்பார்க் அண்ணனுக்கு நன்றி

போன ஞாயிறு சாயங்காலம் சிங்கப்பூர் ஈசூன் பலமாடி கார்பார்க்கில் பானட்டைத் திறந்து வைத்து முழித்துக்கொண்டிருந்தேனே, அந்த ஆள் நான்தான். என்ஜின் விளக்கு அணையவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் பி0141 என்ற பிழைக் குறியீட்டைப் பார்த்ததுமே, “புகைக்குழாய்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சர் போச்சு, மாத்தணும்” என்றார்கள். அடுத்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன் வேறு.

நீங்கள்தான் அண்ணே, “இது சென்சரைச் சூடாக்குற ஹீட்டர் சர்க்யூட்டுக்கான குறியீடு தம்பி, சென்சர் மேலதான் தப்புன்னு சொல்ல முடியாது” என்று சொல்லி, சைலன்சர் ஆறும்வரை காத்திருந்து மல்டிமீட்டரை எடுத்தீர்கள். கனெக்டரைக் கழற்றி, ஒரே நிறத்தில் இருந்த இரண்டு ஒயருக்கு நடுவே அளந்தால் 6 ஓம். ஹீட்டர் நன்றாகவே இருக்கிறது! என்ஜினை ஓடவிட்டு வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் பார்த்தால், 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஃபியூசும் நல்லது. அப்புறம் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனீர்கள். ஒரு தகரப் பிடிப்பில் உரசி உறை பிளந்து, உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. வெட்டி இணைத்து, சூடு எட்டாதபடி தள்ளிக் கட்டினீர்கள்.

பணம் வாங்கவில்லை. பாலும் சீனியும் இல்லாத ஒரு தே ஓ கோசோங், அவ்வளவுதான். பேர் கேட்க மறந்துவிட்டேன், என் புத்தி அப்படி.

விளக்கு இதுவரை எரியவில்லை. உங்கள் டார்ச் லைட் என் டிக்கியில் இருக்கிறது. அதே நான்காம் மாடியில்தான் நிறுத்துகிறேன், அண்ணே.