அறுந்த பாசி எங்கே போகிறது? மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் மாவட்ட மீன்வளத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். மண்டபம், தொண்டிக் கரைப் பெண்களுக்குச் சோறு போடுகிற தொழில் பாசி வளர்ப்பு. அதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. பாசி வளர்க்கிற மிதவையிலிருந்து அறுந்து போகிற துண்டுகளுக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும், அவ்வளவுதான்.

வளர்ப்பது கப்பாபைகஸ், நம் கடலுக்குச் சொந்தமில்லாத பாசி. வாடைக் காலத்தில் பாக் நீரிணைத் தண்ணீர் பாம்பன் வழியாக மன்னார் வளைகுடாவுக்குள் இழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் அக்ரோபோரா பவளங்கள் மேல் இந்தப் பாசி ஏறிவிட்டதை 2008-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

மான்கொம்பு மாதிரிக் கிளைவிடும் பவளம் அக்ரோபோரா. கிளை நுனியில் சற்றே பெரிய கிண்ணம் ஒன்று, அதற்குள் ஓர் உயிர். கீழே சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்கள். நுனியில் இருக்கிற உயிர்தான் கிளையை நீட்டிக்கொண்டு போகிறது, நல்ல தண்ணீரில் சில இனங்கள் வருஷத்துக்கு 10 செ.மீ. வரைகூட. குஞ்சு மீன் ஒளிகிற அதே இடுக்கில்தான் பாசித் துண்டும் வந்து சிக்குகிறது. அப்புறம் தடிமனாகப் படர்ந்து வெயிலை மறைத்துவிடும். பவளத்தின் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்துத் தருவதுதான் அதற்குப் பெரும்பாலான சாப்பாடு. வெயில் போனால் கிளை செத்துப்போகும். பாசியைப் பிய்த்து எடுக்கலாம், வனத்துறை எடுத்தும் வருகிறது. ஆனால் விட்டுப்போன சிறு துண்டு மறுபடி தழைக்கிறது. இழுக்கிற இழுப்பில் கிளையும் ஒடிகிறது.

2016-ல் கடல் சூடானபோது வெளுத்து அதிகம் மாண்ட பவளங்களில் அக்ரோபோராவும் ஒன்று. பிழைத்து நிற்பதையாவது காப்பாற்ற வேண்டாமா?

சரி, செய்ய முடிந்ததைத்தான் கேட்கிறேன். மிதவைக்கு அடியில் வலை கட்டுவதைக் கட்டாயமாக்குங்கள், வலைச் செலவை மானியத்தில் சேருங்கள். புயலுக்குப் பிறகு சிதறிய பாசியைப் பொறுக்க, வளர்க்கிற பெண்களுக்கே கூலி கொடுங்கள். அவர்களைவிட அந்தப் பாசியை அறிந்தவர்கள் இல்லை. பாம்பன் வாய்க்குப் பக்கத்தில் புது மிதவைக்கு அனுமதி தரும் முன் வனத்துறையோடு ஒரு தடவை குருசடைக்குப் போய் நீருக்கடியில் பார்த்துவிட்டு வாருங்கள். வாடை தொடங்குவதற்குள் இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
மண்டபத்துக் கடற்கரைக்காரர் ஒருவர்